நான் எழுதிக்கொடுத்த நான்கு பெயர்கள்

“உன்ர சட்டம் கொழும்பில இருக்கு மகள். நாங்க ஐசில நிக்கிறம்.”

இப்படிச் சொன்னவர் கிண்ணியாவிலிருந்து தினமும் வந்து எங்கள் இறால் கொம்பனியில் வேலை செய்த பெண். அங்கே நின்றவர்களில் வயது கூடியவர். கிண்ணியா உம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். அதைச் சொல்லும்போது அவருடைய கைகள் ஒரு கணமும் நிற்கவில்லை. இறாலின் தலையை முறித்து, கோதை உரித்து, முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை நகத்தால் இழுத்துவிட்டு, முன்னாலிருந்த பேசின் சட்டிக்குள் போட்டார். மேசையைச் சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். என் அக்காவும் சிரித்தாள். மற்றவர்கள் சிரித்தது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அக்கா சிரித்ததுதான் சுட்டது.

அன்று மதியம் நான் அவர்களுக்கு வாசித்துக் காட்டியது ஒரு அச்சடித்த தாள். மகப்பேற்று நன்மைகள் சட்டத்தின் சுருக்கம். வேலை செய்யும் பெண் பிள்ளை பெற்றால் சம்பளத்தோடு விடுப்புக் கொடுக்க வேண்டும், பிள்ளைத்தாச்சி என்பதற்காக அவளை வேலையால் நிறுத்தக் கூடாது என்று அதில் இருந்தது. அண்மையில்தான் சட்டத்தைத் திருத்தி விடுப்பை நீட்டியிருந்தார்கள். தாளைக் கொம்பனி தொங்கவிட்டிருந்த இடம் கந்தோர்க் கதவின் பின்பக்கம். பகல் முழுக்கக் கதவு திறந்தே கிடக்கும். தாள் சுவரோடு ஒட்டி நிற்கும். ஒருநாள் வாடைக்காற்றுக்கு மனேஜர் கதவைச் சாத்தினார். அப்போதுதான் அது என் கண்ணில் பட்டது.

நான் அந்தக் கந்தோரில் கணக்கும் கடிதமும் எழுதும் எழுதுவினைஞர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. அக்கா இரண்டாம் வகுப்போடு நின்று, பதின்மூன்று வயதில் இறால் உடைக்கப் போனாள். என்னுடைய கொப்பிகள், சப்பாத்து, பரீட்சைக் கட்டணம் எல்லாம் அவளுடைய விரல்களிலிருந்து வந்தவை. இறாலின் முள்ளும் ஐசும் சேர்ந்து விரல் நுனிகளை அரித்துவிடும். இரவில் சீனாக்காரத்தைக் கரைத்து அதற்குள் கையை வைத்துக்கொண்டு, நான் பாடம் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். எனக்கு என் படிப்பில் பெருமை உண்டு. இதை எழுதும்போதும் அந்தப் பெருமை போய்விடவில்லை. ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும்.

கொம்பனி உள்துறைமுகத்தின் கரையில் இருந்தது. கொட்டியாரக் குடாவிலும் களப்புகளிலும் பிடித்த இறாலை விடியற்காலையில் கொண்டுவந்து கொட்டுவார்கள். தகரக் கூரையின் கீழே நீளமான சீமெந்து மேசைகள். இரண்டு பக்கமும் பெண்கள் வெறுங்காலோடு நின்று உடைப்பார்கள். கால் கீழே எப்போதும் ஐஸ் தண்ணீர். ஒவ்வொருத்திக்கும் ஒரு இலக்கம், ஒரு பேசின். பேசின் நிறைந்தால் தராசுக்குப் போகும். நாளின் நிறை குறைந்தவளை அடுத்த நாள் வாசலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அக்காவின் முதல் பிள்ளை ஆண். அது பிறந்து பதினாறாம் நாள் அவள் ஐசுக்குத் திரும்பினாள். அத்தான் இலங்கைத்துறையில் வேறொருவருடைய வள்ளத்தில் போய்க்கொண்டிருந்தார்; கடல் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அக்கா நின்றால் அடுப்பும் நிற்கும். மதியத்தில் சட்டை நனைந்துவிடும். ஐஸ் அறைக்குப் பின்னால் போய்ப் பாலைப் பீய்ச்சி மண்ணில் விட்டுவிட்டு வருவாள். அதே நேரம் அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டில் அம்மா அந்தப் பிள்ளைக்குச் சவ்வரிசிக் கஞ்சியைக் கரண்டியால் பருக்கிக்கொண்டிருப்பா. மூன்றாம் மாதம் வயிற்றோட்டம் வந்தது. இரண்டு நாள்தான்.

ஆகவே அக்கா இரண்டாம் முறை பிள்ளைத்தாச்சியானபோது எங்களுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். இந்தப் பிள்ளையோடு அவள் வீட்டில் இருக்க வேண்டும். பால் மண்ணுக்குப் போகாமல் பிள்ளைக்குப் போக வேண்டும்.

சைக்கிளில் வரும் மருத்துவிச்சியும் அதையே சொன்னார். அவரை நாங்கள் மிஸி என்போம். அக்காவின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, இரத்தம் காணாது என்று குளிசையும் கிளினிக்கில் கொடுக்கும் சத்துமாவும் தந்தார். அடுத்த முறை வந்தபோது சத்துமாப் பைக்கற்றில் பாதி முடிந்திருந்தது. அம்மா அதைத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டையாகப் பிடித்து எல்லோருக்கும் கொடுத்திருந்தா.

“ஆர் ஆர் சாப்பிட்டது?” என்று மிஸி கேட்டார்.

“எல்லாரும்தான்” என்றா அம்மா.

“இது பிள்ளைத்தாச்சிக்குக் குடுக்கிற மா. உங்கட மருமகனுமோ பிள்ளை பெறப் போறார்?”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அந்த உருண்டைகளில் மூன்றை நானும் தின்றிருந்தேன்.

போகும்போது மிஸி என்னைப் பார்த்துச் சொன்னார்: “நீங்கள் கந்தோரில இருக்கிற பிள்ளைதானே. லீவை எழுத்தில கேளுங்கோ. வாயால கேட்டாத் தரமாட்டினம்.”

அந்தச் சொல் எனக்குள் ஏறிக்கொண்டது. எழுத்து என்னிடம் இருந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கொம்பனியில் பிள்ளைத்தாச்சிகளுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்திக்கு மாதம் ஏற ஏறக் கை மெதுவாகும், இடுப்பு நோகும், அடிக்கடி வெளியே போக வேண்டும். நிறை குறையும். அப்போது பக்கத்தில் நிற்பவர்கள் தாங்கள் உடைத்த இறாலில் ஒரு பிடியை அவளுடைய பேசினுக்குள் போட்டுவிடுவார்கள். தண்ணீர் குடிக்கப் போகிறவள் ஒரு பிடி, ஐஸ் அள்ள வருகிறவள் ஒரு பிடி. யாரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. போடுகிறவள் பேசினைப் பார்க்க மாட்டாள். வாங்குகிறவள் நிமிர மாட்டாள். தமிழ்ப் பெண், முஸ்லிம் பெண் என்ற பேதமும் அதில் இல்லை. இப்படியே கடைசி வாரம் வரை நிறை குறையாமல் போகும். பிறகு ஒருநாள் அவள் வரமாட்டாள். “காய்ச்சலாம்” என்று ஒருத்தி வாசலில் சொல்லுவாள். இரண்டு மூன்று வாரத்தில் வயிறு வற்றித் திரும்பி வருவாள். தராசுக்கும் தெரியாது, கந்தோருக்கும் தெரியாது.

வயிற்றில் இருப்பதைப் பலர் அறியச் சொன்னால் கண்ணூறு படும் என்பது ஒரு காரணம். தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள் என்பது மற்றக் காரணம். இரண்டும் எனக்கு அப்போது ஒரே அறியாமையாகத்தான் தெரிந்தன. ஒளிப்பதால்தானே விடுப்புக் கிடைக்கவில்லை? அக்கா முதல் பிள்ளைக்கும் காய்ச்சல் என்று சொல்லித்தானே போனாள்? கேட்டிருந்தால் சட்டம் கொடுத்திருக்கும். அந்தப் பிள்ளையும் இருந்திருக்கும். நான் அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

மனேஜர் மரியாதையான மனிதர். வசதியானவர்கள் இருக்கும் ஓர்ஸ் ஹில்லில் வீடு. பெண்களைத் திட்டமாட்டார். என்னை ‘நீர்’ என்றுதான் கதைப்பார். என் எழுத்து அழகு என்று கொழும்பிலிருந்து வந்தவர்களுக்குக் காட்டியிருக்கிறார். தன்னுடைய அகராதியை என் மேசையில் வைத்து, “இது இனி இங்கேயே இருக்கட்டும்” என்றவர். அதற்குமுன் யாரும் எனக்கு ஒரு புத்தகத்தை விட்டுவிட்டுப் போனதில்லை.

நான் அந்தத் தாளைப் பெண்களுக்கு வாசித்துக் காட்டியது அவருடைய காதுக்குப் போயிருந்தது. அடுத்த நாள் கூப்பிட்டார். ஏசப் போகிறார் என்று பயந்துகொண்டு போனேன்.

“நல்ல வேலை செய்தனீர்” என்றார். “சட்டம் மாறியிருக்கு. நாங்களும் மாறத்தானே வேணும். பிள்ளைத்தாச்சிகள் எத்தனை பேர் எண்டு தெரிஞ்சால் லீவுக்கு ஒழுங்கு செய்யலாம். கொழும்புக்கு எழுதி ஆளுக்கொரு பால்மா டின்னும் எடுக்கலாம். ஒரு பட்டியல் எழுதித் தாரும்.”

எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. நேரே மேசைகளுக்குப் போனேன். “ஆர் ஆர் பிள்ளைத்தாச்சி? பேரைச் சொல்லுங்கோ. லீவு தரப் போறம்” என்றேன். தரப் போகினம் என்று சொல்லவில்லை. தரப் போறம் என்றேன். நானும் கொம்பனியாகியிருந்தேன்.

ஒருவரும் நிமிரவில்லை. கிண்ணியா உம்மா மட்டும் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

“என்ர பேரை எழுது மகள். நாலு நாளா ஊதிக் கிடக்கு.”

“நிசமாவோ உம்மா?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“நிசந்தான். வாய்வு. பொறந்தா ஒன்ட வீட்டுக்குத்தான் அனுப்புவன்.”

மேசை அதிர்ந்தது. என்னால் சிரிக்க ஏலவில்லை. அன்று பின்னேரம் அக்கா பஸ்ஸில் என் காதுக்குள் சொன்னாள்: “என்ர பேரைப் போடாத. ஏழு மாசம் முடியட்டும். முதல் பிள்ளையையும் ஊருக்குச் சொல்லிப்போட்டோ சுமந்தனான்?”

“இது ஊருக்கில்லை அக்கா. கந்தோருக்கு.”

“கந்தோரும் ஒரு ஊர்தான்” என்றாள்.

கேட்டால் சொல்லமாட்டார்கள். ஆனால் எனக்குக் கேட்கத் தேவையிருக்கவில்லை. கந்தோர் ஜன்னலிலிருந்து மேசைகள் எல்லாம் தெரியும். அடுத்த இரண்டு நாளும் நான் வேலை செய்வதுபோல இருந்துகொண்டு, யாருடைய பேசினுக்குள் பிடி விழுகிறது என்று பார்த்தேன். வெளியிலிருந்து வந்த ஒருவர் ஒரு மாதம் பார்த்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டார். ஐந்து வயதிலிருந்தே அக்காவுக்குச் சோறு கொண்டுபோய் அந்த மேசைகளின் கீழே குந்தியிருந்தவள் நான். எந்தக் கை எதற்கு நீளுகிறது என்று எனக்குத் தெரியும். இரண்டாம் நாள் பின்னேரம் என்னிடம் நான்கு பெயர்கள் இருந்தன.

கோடு போட்ட தாளில் எழுதினேன். பெயர், இலக்கம், எத்தனையாம் மாதம் என்று தோராயமாக. முதலாவது பெயர் அக்காவுடையது. அவளுக்குத்தான் முதலில் கிடைக்க வேண்டும் என்று முதலில் போட்டேன்.

மனேஜர் தாளையும் நிறைப் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இவையின்ர நிறை குறையேல்லையே. உமக்கு எப்பிடித் தெரியும்?”

நான் சொன்னேன். பிடி போடுவதைச் சொன்னேன். சொல்லும்போது எங்கள் பெண்களை நினைத்து எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. படியாதவர்களானாலும் எவ்வளவு ஒற்றுமை என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்று விரும்பினேன். அவர் சிரித்தார். “நல்ல சனம்” என்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும், “நல்ல சனம்” என்றார்.

பால்மா டின்கள் உண்மையாகவே வந்தன. வந்த அன்று மனேஜர் என்னைச் சுங்கக் கந்தோருக்கு ஒரு கடிதத்தோடு அனுப்பியிருந்தார். அங்கே என்னை மூன்று மணி வரை வாங்கில் இருத்திவிட்டார்கள். நான் திரும்பி வரும்போது நான்கு பெண்களும் வாசலால் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அக்கா டின்னைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தாள். என்னைக் கண்டதும் தலைப்பை விலக்கிக் காட்டினாள்.

“தந்திட்டினம்” என்றாள். தன் பெயரையும் எழுதிவிட்டேன் என்று அறிந்து பத்து நாளாக என்னோடு முகம் கொடுத்துக் கதைக்காதவள் அன்று பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து நித்திரையானாள். என் வாழ்நாளில் நான் அவ்வளவு உயரமாக இருந்ததில்லை.

அடுத்த மாதம் முதல் நாள் காலை, வாசலில் காவற்காரர் நான்கு இலக்கங்களைச் சொல்லி, அந்த நான்கு பேரையும் உள்ளே விடக் கூடாதென்று உத்தரவு என்றார். ஏதோ பிழை நடந்துவிட்டது என்று நான் நினைத்தேன். “நில் அக்கா, நான் போய்க் கேட்டுக்கொண்டு வாறன்” என்று சொல்லிவிட்டு ஓடினேன். மனேஜர் இன்னும் வந்திருக்கவில்லை. அலுமாரியைத் திறந்து வேலையாட்களின் கடதாசிக் கோவையை எடுத்தேன்.

மேலே என் பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு சரி அடையாளம். அதன் கீழே குண்டூசியால் குத்தி இன்னொரு தாள், ஆங்கிலத்தில். கீழே குறிப்பிட்டவர்களாகிய நாங்கள் எங்கள் சொந்த விருப்பத்தின்பேரில் இம்மாத முடிவோடு வேலையை விட்டு விலகுகிறோம். கொம்பனியிடமிருந்து இனி எந்த நன்மையும் கோரமாட்டோம். நான்கு பெருவிரல் அடையாளங்கள். ஒன்றின் ரேகைகள் அழிந்து வெறும் நீலப் பொட்டாக இருந்தது. அது யாருடைய விரல் என்று எனக்குத் தெரிந்தது.

அக்கா பிறகு சொன்னாள், டின் எடுத்ததற்கு அடையாளம் வை என்றுதான் மனேஜர் சொன்னாராம். கீழேயிருந்த தாளின் எழுத்தை மேலேயிருந்த என் பட்டியலால் மறைத்துப் பிடித்திருந்தாராம். அவள் வாசிக்க மாட்டாள். ஆனால் என் எழுத்தைத் தெரியும். வருடக்கணக்காகப் பக்கத்தில் இருந்து பார்த்தவள்.

“உன்ர எழுத்தைக் கண்டனான். அதுதான் ஒண்டும் கேக்கேல்லை.”

ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மனேஜர் வந்ததும் கோவையை அவர் முன்னால் வைத்தேன்.

“சேர், இது அவைக்கு வாசிச்சுக் காட்டினதோ?”

“இரும் பிள்ளை” என்று கதிரையைக் காட்டினார். நான் இருக்கவில்லை.

“சட்டத்தை நான் மீறேல்லை. ஒருத்தரையும் நிப்பாட்டேல்லை. தாங்களாத்தான் விலகியிருக்கினம். கைநாட்டு இருக்கு.”

“பால்மாவுக்கெண்டு சொல்லி வாங்கினதாம்.”

“ஆர் சொன்னது? உம்மட அக்காவோ?” குரல் உயரவில்லை. “இதைப் பெரிசாக்கினால் அவைக்குத்தான் கூடாது. மற்றவையின்ர இறாலைத் தங்கட நிறையில காட்டினவை. அதுக்குப் பேர் களவு. நான் அதை எழுதேல்லை. நீர்தானே எனக்கு விளங்கப்படுத்தினனீர்?”

நான் பெருமையாகச் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அவர் பக்குவமாக எடுத்து வைத்திருந்தார். அகராதி என் மேசையில் கிடந்தது. அவர் என்னை அடுத்த மாதத்திலிருந்து நிரந்தரமாக்கக் கொழும்புக்கு எழுதியிருப்பதாகச் சொன்னார். “அக்காவும் இப்ப வீட்டில. உம்மட சம்பளம்தானே தேவை.”

அவர் சொன்னது சரி. அதுதான் இன்னும் கசக்கிறது. நான் வேலையை விட்டால் அக்கா அடுத்த நாளே கடற்கரையில் வேறொரு வாடிக் கொட்டிலுக்கு இறால் உடைக்கப் போக வேண்டும், ஏழு மாத வயிற்றோடு. நான் திரும்பிப் போய் என் கதிரையில் இருந்தேன். அந்த மாதமும் அடுத்த மாதமும் இருந்தேன். குளிசைக்கும் அரிசிக்கும் முட்டைக்கும் அந்தக் கதிரைதான் கொடுத்தது.

மேசைகளுக்கு இடையால் நான் போனால் கதை நின்றுவிடும். நான் கடந்து போன பிறகும் தொடங்காது. ஒருநாள் கிண்ணியா உம்மா மட்டும் என்னைப் பார்த்து, “என்ன மகள், இன்டைக்கு யார எண்ணுறாய்?” என்றார். யாரும் சிரிக்கவில்லை. ஜன்னலிலிருந்து பார்த்தேன். பிடி போடுவது நின்றிருந்தது. ஐந்தாவதாக ஒரு பெண்ணுக்கு அப்போது மாதம் ஏறிக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன். அவளுடைய பேசினைக் கடந்து எல்லாக் கைகளும் சும்மா போயின. நிறை குறைந்து மூன்றாம் நாள் அவளையும் திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பெயரை நான் எழுதவில்லை. எழுதாமலேயே அது நடந்தது.

ஏமாற்றப்பட்டவள் நான் என்று சொல்லிக்கொள்ள எனக்கு விருப்பம்தான். அது பொய்யும் அல்ல. ஆனால் அந்த மேசைகளில் நின்றவர்களுக்கு மனேஜர் எப்போதும் மனேஜர்தான். அவரிடம் அவர்கள் எதையும் எதிர்பார்த்ததில்லை. அவர்களை ஏமாற்றக்கூடிய ஒரே ஆள் நான்தான்.

பிள்ளை மாசியில் பிறந்தது. பெண். ஆஸ்பத்திரித் தராசில் குறைவாகத்தான் காட்டியது. ஆனால் அழுகை பெரிது. அக்கா அதைக் கீழே வைக்கவேயில்லை. மிஸி வந்து பார்த்துவிட்டு, “தாய்ப்பால் மட்டும். தண்ணியும் வேண்டாம், கஞ்சியும் வேண்டாம்” என்றார். எத்தனை நாளைக்கு என்று அம்மா கேட்டா. மிஸி மாதக்கணக்கில் சொன்னார். அம்மா என்னைப் பார்த்தா. என்னுடைய சம்பளம் ஐந்து பேருக்கு எவ்வளவு தூரம் இழுபடும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அக்கா அன்றைக்கே, முப்பது நாள் துடக்குக் கழிந்த பிறகு மற்ற வாடியில் போய்க் கேட்கப் போவதாகச் சொன்னாள். பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் நான் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். கதவுக்குப் பின்னால் இருந்த தாளின் கடைசி வரிகளில் முறைப்பாடு எங்கே செய்வதென்று இருந்தது. முதல் நாளே வாசித்ததுதான். தேவைப்படாது என்று விட்டுவிட்டேன். ஒருநாள் அரை நாள் லீவு எடுத்துத் தொழிற் கந்தோருக்குப் போய் விசாரித்தேன். பாதிக்கப்பட்ட பெண்கள் தாங்களே கைநாட்டு வைத்து மனுக் கொடுக்க வேண்டும், கைநாட்டு எப்படி வாங்கப்பட்டதென்று சொல்ல உள்ளேயிருந்து ஒரு சாட்சியும் இருந்தால் நல்லது என்றார் அங்கிருந்த உத்தியோகத்தர். தீர்ப்புச் சரியாக வந்தால் அந்த விடுப்புக்குரியதைக் கொம்பனி கொடுத்தாக வேண்டும்.

நான்கு பேரிடமும் போனேன். ஒருத்தி கதவைத் திறக்கவில்லை. இன்னொருத்தியின் புருஷன் வாசலில் நின்று, “எழுதினது காணும் தங்கச்சி, இனி வேண்டாம்” என்றார். மூன்றாவது பெண் கிண்ணியா. பாதையில், அதாவது எங்கள் பக்கத்தில் வாகனமும் சனமும் ஏற்றும் அந்தத் தட்டைப் படகில், அக்கரைக்குப் போய் அவளுடைய வீட்டைத் தேடிப் பிடித்தேன். அவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். பிறகு, “உங்கட ராத்தா கைநாட்டு வைக்கிறாவா?” என்றாள். என் அக்காவைத்தான் சொன்னாள். “தெரியாது” என்றேன். “அவ வச்சா நானும் வைக்கிறன்.”

அக்காவிடம் கடைசியாகத்தான் கேட்டேன். மனுவை எழுதி முடித்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன். அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“வாசி” என்றாள்.

வாசித்தேன். பட்டியல் எழுதியவள் நான் என்ற இடம் வந்தபோது, “அதைத் திரும்ப வாசி” என்றாள். திரும்ப வாசித்தேன். பிடி போடுவதை மனேஜருக்குச் சொன்னவள் நான், அது களவல்ல, நிறை குறைந்தால் திருப்பி அனுப்புவார்கள் என்ற பயத்தால் பெண்கள் ஒருவருக்கொருவர் செய்த உதவி என்ற இடத்தையும் கேட்டாள். நான் முடித்தேன். மையை எடுத்து நீட்டினேன்.

அவள் கையைத் தரவில்லை.

“மிஸி வரட்டும்” என்றாள். “அவவும் ஒருக்கா வாசிச்சுச் சொல்லட்டும். நீ வாசிச்சதும் அதில இருக்கிறதும் ஒண்டோ எண்டு.”

அதைச் சொல்லும்போது அவளுக்குக் கோபம் இல்லை. மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். நான் ஓம் என்றேன். மூன்று நாள் மையும் தாளும் அலுமாரியில் இருந்தன. மிஸி வந்து, பிள்ளையைத் தராசில் நிறுத்துவிட்டு, முற்றத்தில் நின்றபடியே சத்தமாக வாசித்தார். நான் குசினிக்குள் நின்று கேட்டேன். என் எழுத்தை இன்னொருவர் குரலில் கேட்பது அதுதான் முதல் தடவை. அவர் முடித்தார். அக்கா பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றிவிட்டு விரலை நீட்டினாள்.

போன செவ்வாய்க்கிழமை நாங்கள் தொழிற் கந்தோருக்குப் போனோம். அக்கா, பிள்ளை, கிண்ணியாப் பெண், அவளுடைய பிள்ளை, நான். நான் கொம்பனியில் லீவு கேட்கவில்லை, வேலைக்குப் போகவில்லை, அவ்வளவுதான். உத்தியோகத்தர் மனுவை வாசித்துவிட்டு அக்காவிடம் இரண்டு கேள்வி கேட்டார். அவள் நேராகப் பார்த்துப் பதில் சொன்னாள். பிறகு என்னுடைய வாக்குமூலத்தைத் தனியாக எழுதச் சொல்லி ஒரு வாங்கைக் காட்டினார்.

“விசாரணைக்குக் கொம்பனியையும் கூப்பிடுவம். மனேஜருக்கு முன்னால இதைச் சொல்ல வேண்டி வரும். உங்கட வேலை போகலாம். தெரியுந்தானே?”

“தெரியும்” என்றேன்.

இரண்டரைப் பக்கம் எழுதினேன். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் ஒப்பமிட்டேன். கடைசியில் பதவி என்ற இடத்தில் என் கை கொஞ்சம் நின்றது. பிறகு, அந்தக் கொம்பனியின் எழுதுவினைஞர் என்று முழுதாக எழுதி, தாளை உத்தியோகத்தரிடம் கொடுத்தேன்.